தெரெசினில் ஒரு டிராயிங் டீச்சர்

ஸ்கூல்ல கவுன்சிலிங்னா இன்னைக்கு தனி ரூம், தனி ஆள், அப்பாயின்ட்மென்ட். இதெல்லாம் எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு டீச்சர் என்ன செய்ய முடியும்? இந்த எபிசோடில் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் பற்றிப் பேசலாம்.

வியன்னாக்காரர். ஜெர்மனியின் பவுஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். பிராகில் அகதிக் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்தவர். 1942 டிசம்பரில் அவரையும் கணவர் பாவெலையும் நாஜிகள் தெரெசினுக்கு அனுப்பினார்கள். பிராகுக்கு வடக்கே இருக்கும் பழைய கோட்டை நகரம் அது. அப்போது யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ. ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் அனுமதி. ஃபிரீடல் அதில் பேப்பரையும் கலரையும் திணித்துக்கொண்டு போனார். நாமா இருந்தா என்ன எடுத்துட்டுப் போயிருப்போம்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

அங்கே குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தடை. படம் வரையலாம், பாடலாம், அவ்வளவுதான். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஃபிரீடல் நுழைந்தார். அப்பா அம்மாவைப் பிரிந்து, அடுக்குக் கட்டில்களில் நெருக்கியடித்துக் கிடந்த பிள்ளைகள். முதலில் கையால் தாளம் தட்டச் சொல்வார். அப்புறம் அதே தாளம் பென்சிலில் கோடாக வரும். நடுங்குற கைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியல. பேப்பர் தீர்ந்தால் பழைய ஆபீஸ் ஃபாரம்களே பேப்பர். வீடு, பூ, சாப்பாட்டு மேஜை, அந்தக் கட்டில்கள், எல்லாமே வரைந்தார்கள். படத்தில் பெயர் எழுதணும், அதை மட்டும் விடமாட்டார். டிரான்ஸ்போர்ட் நம்பரால் ஆளை அடையாளம் வைத்த இடத்தில்!

1943இல் அங்கேயே குழந்தைகளின் ஓவியம் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். ஓவியர்களை உருவாக்குவது நோக்கமல்ல, குழந்தை தன் போக்கில் யோசிக்க இடம் கொடுப்பதுதான் வேலை என்பது அவர் கட்சி. அவரிடம் முன்பே படித்து, பிராக் வகுப்புகளில் உதவிய எடித் கிராமர் 1938இல் நியூயார்க் போனார். பின்னாளில் ஆர்ட் தெரபியின் முன்னோடிகளில் ஒருவரானார்.

இதை ‘கலை காப்பாற்றியது’ கதையாகச் சொல்ல எனக்கு மனசில்லை. கிரேயான் யாரையும் ரயிலிலிருந்து இறக்கிவிடவில்லை. 1944 செப்டம்பரில் பாவெலை அனுப்பினார்கள். ஃபிரீடல் தானே பெயர் கொடுத்துப் பின்னால் போனார். அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மாணவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான். பாவெல் பிழைத்துக்கொண்டார்.

அவர் விட்டுச்சென்ற இரண்டு சூட்கேஸ்களில் சுமார் 4,500 படங்கள் இருந்தன. இன்று அவை பிராகின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெயர் எழுதச் சொன்னாரே, அதனால்தான் எந்தப் படம் எந்தக் குழந்தையுடையது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது.