வெண்குருதி மீன்

தென்முனைக் கடலில் திமிங்கிலம் வேட்டையாடிய நார்வே நாட்டுத் தொழிலாளர், குருதியற்ற மீனொன்று அங்குண்டு என்று 1920களில் கூறிவந்தனர். அதைக் கேட்ட உயிரியலார் யோஹான் ரூட் நம்பவில்லை. 1927இல் புவே தீவருகே டிட்லெஃப் ருஸ்டாட் அம்மீனைப் பிடித்து, அதன் குருதி நிறமற்றிருக்கக் கண்டார். பின்னர் ரூட் தாமே தென் ஜார்ஜியா தீவுக்குச் சென்று ஆராய்ந்து, அதில் சிவப்பணுவும் ஹீமோகுளோபினும் இல்லையென 1954இல் அறிவித்தார். தொழிலாளர் சொல் மெய்யாயிற்று.

பின் அம்மீன் வாழ்வது எங்ஙனம்? குளிர்நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரைகிறது. அது நேரே குருதிநீரில் கலக்க, பெரியதோர் இதயம் அதை உடலெங்கும் செலுத்துகிறது. கடல்நீர் சுழியத்துக்குக் கீழ் 1.9 பாகை வரை குளிர்ந்தாலும் குருதி உறைவதில்லை. பனித்துகள்களைப் பற்றிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கும் புரதங்கள் அதில் உண்டு. ஹீமோகுளோபினுக்குரிய மரபணுக்களில் ஒன்று முற்றும் மறைந்து, மற்றொன்றின் எச்சமே எஞ்சியிருப்பதை 1995இல் ஆய்வாளர் கண்டனர்.

இழந்த மரபணு மீளாது. கடல் வெப்பமுற்றால் ஆக்சிஜனோ குறையும். குளிரை நம்பியே தன் செல்வத்தைத் துறந்த இவ்வுயிரின் கடலை இன்று நாம் சூடாக்கிவருகிறோம். அன்று தொழிலாளர் சொல்லை ஏற்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இம்முறை அத்துணைக் காலம் நமக்கில்லை.