காம்பார் வட்டாரத் தோட்டங்களும் நிலப்படத்தின் வகைப்பெயர்களும்

பலர் கூடி வரையும் நிலப்படத்தில் ஓர் இடத்தின் வகையைத் தீர்மானிப்பது எளிதன்று. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' திட்டம் பெருநகரம், நகரம், கிராமம், குக்கிராமம் என்னும் ஆங்கிலேயப் பாகுபாட்டையே கொண்டது. 2009இல் கிந்தாவினின்று பிரிந்து தனி மாவட்டமான காம்பாரின் குடியிருப்புகள் இதனுள் அடங்குமா என இங்கு ஆராய விழைகிறோம்.

மலாய்க்காரரின் கம்போங் இயல்பாக வளர்ந்த ஊர். புதுக்கிராமமோ 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டப்படி, அவசரகாலத்தில், பெரும்பாலும் சீனரை வேலிக்குள் குடியேற்றி அமைத்தது. தமிழர் 'தோட்டம்' என்றது ரப்பர் மரங்களை மட்டுமன்று. லயன் வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய அனைத்தையுமே. இம்மூன்றையும் 'கிராமம்' எனக் குறித்தால் அவற்றின் வேறுபட்ட வரலாறு மறையும். தோட்டத்தை விளைநிலமாக மட்டும் குறித்தாலோ, செம்பனை நடப்பட்டு மக்கள் வெளியேறிய பின், அங்கு ஊரொன்று இருந்தமைக்கே தடயமிராது.

வழிபாட்டிடங்கள் இதற்கொரு தீர்வு காட்டுகின்றன. ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டும் இந்து, சீன ஆலயங்களை மலாய்மொழி 'குயில்', 'தோக்கோங்' எனப் பிரிக்கிறது. முன்னது நம் 'கோயில்' என்பதன் திரிபே. மேற்குறித்த நிலப்படம் வழிபாட்டிடம் என்பதைப் பொதுவகையாகவும் சமயத்தைத் தனிக் குறிப்பாகவும் பதிகிறது. அவ்வாறே நிலப்பயனையும் குடியிருப்பையும் தனித்தனியே பதிதல் தகும். மக்கள் நீங்கிய இடத்திற்கும் அதில் பெயரிடலாம். தமிழ்ப்பெயருக்கும் தனி இடமுண்டு. முதியோர் நினைவிலுள்ள தோட்டப் பெயர்களைத் தமிழாசிரியர்கள் மாணவரைக்கொண்டு இப்பொழுதே திரட்டுதல் வேண்டும் என்பது நம் துணிபு.