கருக்கலைப்பில் வலிநிவாரணமும் மயக்கமருந்தும்

கருக்கலைப்பின்போது வலி இரண்டு வழியில் வருகிறது. கருப்பையின் வாயைப் பிடித்து விரிக்கும்போது வருவது ஒன்று. கருப்பை சுருங்கும்போது அடிவயிற்றையும் இடுப்பையும் பிடித்து இழுப்பது மற்றொன்று. கரு எத்தனை வாரம், முன்பு சுகப்பிரசவம் ஆகியிருக்கிறதா, மாதவிலக்கு வலி எப்படி இருக்கும், மனத்தில் எவ்வளவு பயம் என்பதையெல்லாம் பொறுத்து அது கூடும் அல்லது குறையும்.

இந்தியாவில் கருக்கலைப்புக்கான சட்டத்துக்கு அடித்தளமிட்ட குழுவுக்குத் தலைமை வகித்தவர் மகாராஷ்டிர அமைச்சராக இருந்த சாந்திலால் ஷா. குழு 1966இல் அறிக்கை தந்தது. சட்டம் 1971இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து வேண்டியதில்லை. மணமாகாதவருக்கும் இந்த உரிமை உண்டு என்பதை 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பன்னிரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் உறிஞ்சு முறை போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பழைய ‘டி அண்ட் சி’ சுரண்டலை உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொல்லிவிட்டது. உறிஞ்சு முறைக்கு முன் இபுபுரூஃபன் போன்ற மாத்திரை தரவேண்டும். கூடவே கருப்பை வாயைச் சுற்றி லிக்னோகைன் ஊசி போட்டு அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யவேண்டும். இது 2022இல் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும். கருப்பை சுருங்கும் வலியை அது முழுதாகப் போக்காது. அதற்குத்தான் மாத்திரை. பயம் மிகுந்தவருக்கு மிடசோலம், ஃபென்டனில் கொண்டு அரைத்தூக்கம் தரலாம். அப்போது மூச்சையும் நாடியையும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

முழு மயக்கத்தை எல்லாருக்கும் வழக்கமாகத் தரவேண்டாம் என்பதே அந்த வழிகாட்டுதலின் முடிவு. அதற்கு வெறும் வயிறும் மயக்கமருந்து மருத்துவரும் வேண்டும். உள்ளிழுக்கும் சில வாயுக்கள் கருப்பையைத் தளர்த்தி உதிரப்போக்கையும் கூட்டும். கருவின் வாரம் கூடியிருந்தாலோ வேறு நோய் இருந்தாலோ முழு மயக்கத்தைத் தேர்ந்தெடுக்க நியாயம் உண்டு. ஆனால் ‘கொஞ்சம் பொறுத்துக்கோம்மா’ என்று மருந்தே இல்லாமல் செய்வது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல. வலியைத் தண்டனையாகப் பார்க்கும் எண்ணத்துக்கு மருத்துவத்தில் இடமே இருக்கக்கூடாது.

மாத்திரையாலேயே கருவைக் கலைக்கும் முறையில் (மிஃபெப்ரிஸ்டோன், பிறகு மிசோப்ரோஸ்டால்) இரண்டாவது மருந்து எடுத்த சில மணி நேரத்தில் வலி உச்சத்துக்குப் போகும். இபுபுரூஃபன் அந்த மருந்தின் வேலையைக் கெடுப்பதில்லை. தனியாகப் பாராசிட்டமால் அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். வெந்நீர்ப் பை ஒத்தடம் இதமளிக்கும்.

மும்பை வட்டாரத்தவர் எங்கே போகலாம்? கல்யாணில் மாநகராட்சியின் ருக்மிணிபாய் மருத்துவமனை இருக்கிறது. தாராவி, மாட்டுங்கா பக்கத்தவருக்குச் சயானின் லோகமான்ய திலகர் மருத்துவமனை அருகில். எங்கே போனாலும் ‘வலிக்கு என்ன தருவீர்கள்?’ என்று முதலிலேயே கேளுங்கள். வீடு திரும்பியபின் மருந்துக்கும் அடங்காத வலி, காய்ச்சல், அல்லது தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கு இரண்டு நாப்கின் முழுதாக நனையும் அளவு உதிரப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.