உறைபனியின் கீழ் விளைந்த நஞ்சு

இரண்டாம் உலக யுத்தம் உச்ச நிலையை எய்தியிருந்த காலம் அது. சோவியத் நாட்டின் மேற்கே தானியம் விளைந்த பெருநிலங்கள் செர்மானியப் படைகளின் வசமாகியிருந்தன. எஞ்சிய கிழக்குப் பிரதேசங்களே போர்முனைக்கும் உள்ளூருக்கும் ஒருங்கே உணவளிக்க வேண்டியிருந்தன. அவற்றுள் ஒன்று, ஊரல் மலைத்தொடரின் தென்பால் ஊரல் ஆற்றங்கரையை அடுத்துள்ள ஒறென்பேர்க் பிரதேசம். 1938 முதல் 1957 வரை அதற்குச் சக்காலொவ் என்ற பெயர் வழங்கியது. அப்பிரதேசத்தில் 1942ஆம் ஆண்டு தொடக்கம் 1947ஆம் ஆண்டு வரையில், பனி உருகும் வசந்த காலங்களில் ஒரு கொடிய நோய் தோன்றி ஊர் ஊராக மக்களை வாட்டியது. 1944ஆம் ஆண்டில் அதன் கொடுமை உச்சத்தை அடைந்தது. சில பகுதிகளில் மக்களுள் பத்தில் ஒருவருக்கு மேல் நோயுற்றனர். அவர்களுட் பலர் மாண்டனர்.

இந்நோயின் வரலாற்றை அறிய வேண்டுமாயின் அக்காலத்து வயல்களை முதலில் நோக்குதல் வேண்டும். உழவுத்தொழிலில் வல்ல ஆடவர் போர்முனைக்குச் சென்றுவிட்டனர். வயல்களில் நின்றோர் பெண்களும் முதியோரும் சிறுவருமே. ஆகவே, இலையுதிர் காலத்தில் விளைந்த தானியம் முழுவதையும் அறுத்து முடிக்க இயலவில்லை. அறுவடை முடியுமுன்னரே மாரி வந்து வயலை மூடியது. பனிவரகும் கோதுமையும் வாற்கோதுமையும் உறைபனியின் கீழ் மாதக்கணக்காகக் கிடந்தன. வசந்தத்தில் பனி உருகியதும், வீட்டில் ஒரு பிடி மாவும் இல்லாத மக்கள் வயலுக்கு ஓடி அக்கதிர்களைப் பொறுக்கினர். பொறுக்கிய தானியத்தைக் கஞ்சியாகவும் உரொட்டியாகவும் ஆக்கி உண்டனர். பசியினின்றும் தப்புதற்கு அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

உண்டவர்க்கு முதலில் வாயும் தொண்டையும் வயிறும் எரிந்தன, வாந்தியும் கண்டது. சில நாட்களில் இவ்வுபாதைகள் தாமே நீங்கின. நோய் தீர்ந்ததென எண்ணி அவர்கள் அதே உணவைத் தொடர்ந்து உண்டனர். இந்நோயின் வஞ்சகம் இங்கேதான் இருந்தது. வெளியே சுகமுடையவர்போல் நடமாடிய அவ்வாரங்களில், எலும்பின் உள்ளே குருதியை ஆக்கும் மச்சை அழிந்துகொண்டிருந்தது. நோயை எதிர்த்து நிற்கும் வெண்குழியங்கள் நாளுக்கு நாள் குறைந்தன. பின்னர் ஒருநாள் தோலில் செந்நிறப் புள்ளிகள் தோன்றின. மூக்கிலும் வாயிலும் குருதி கசிந்தது. தொண்டை புண்ணாகி அழுகியது. அந்நிலையை அடைந்தவர்களை வைத்தியர்கள் காப்பாற்றுதல் மிக அரிதாயிற்று.

இந்நோய் முற்றிலும் புதியதன்று. 1932ஆம் ஆண்டிலேயே மேற்குச் சைபீரியாவில் இது காணப்பட்டது. எனினும் இதன் காரணம் யாதென்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேற்றுமை நிலவியது. தொண்டை அழுகுவதைக் கண்ட சிலர் இதனைத் தொண்டைக்கரப்பான் போன்றதொரு தொற்றுநோய் என்றனர். மக்கள் வறியர் என்பதைக் கண்ட வேறு சிலர் உயிர்ச்சத்துக் குறைவே காரணம் என்றனர். ஆனால் நோயாளியைப் பராமரித்தவருக்கு நோய் தொற்றவில்லை. ஒரே ஊரில் இலையுதிர் காலத்தில் அறுத்த தானியத்தை உண்ட குடும்பம் சுகமாயிருக்க, பனியின் கீழ்க் கிடந்த தானியத்தை உண்ட குடும்பம் நோயுற்றது. ஆகவே ஐயம் தானியத்தின் மீதே சென்றது.

இந்த ஐயத்தை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து தெளிந்தவர்களுள் முதன்மையானவர் ஆபிரகாம் ஜொபே என்னும் பூஞ்சண ஆராய்ச்சியாளர். சர்கீசொவ் முதலிய பிற சோவியத் அறிஞர்களும் இத்துறையில் உழைத்தனர். ஒறென்பேர்க்கில் பணியாற்றிய ஜொபே, பனியின் கீழ்க் கிடந்த தானியத்தையும் அது கிடந்த மண்ணையும் ஊர்தோறும் திரட்டினார். அவற்றில் வளர்ந்த பூஞ்சணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்தார். அவை பலவகைப்பட்டன, எது குற்றவாளி என்பதைக் கண்ணாற் கண்டு சொல்லல் இயலாது. ஆகையால் ஒவ்வொன்றின் சாரத்தையும் முயலின் மயிர் களைந்த தோலில் தடவிப் பார்த்தனர். நஞ்சற்ற சாரம் தோலில் மாற்றம் எதனையும் விளைக்கவில்லை. நஞ்சுள்ள சாரம் பட்ட இடம் சிவந்து வீங்கிப் புண்ணாயிற்று. இவ்வெளிய சோதனையால், இன்ன வயலின் தானியம் தீங்கானது, இன்ன வயலினது தீங்கற்றது எனப் பகுத்தறியும் வழி பிறந்தது.

இவ்வாறு நடந்த நீண்ட ஆராய்ச்சியின் முடிவில் பியூசேரியம் என்னும் பூஞ்சணச் சாதியைச் சேர்ந்த இரண்டு இனங்களின் மீது குற்றம் நிலைநாட்டப்பட்டது. பியூசேரியம் இசுப்போரோற்றிரிக்கியோயிடசு, பியூசேரியம் போவே என்பன அவை. பூனைகளுக்கு அவற்றால் நஞ்சூட்டிய உணவைக் கொடுத்தபோது, மனிதரிடம் கண்ட குருதிக் கேடே அவற்றிடமும் தோன்றியது.

இவ்வாராய்ச்சியில் வெளியான உண்மைகளுள் வியப்புக்குரியது ஒன்றுண்டு. பூஞ்சணம் என்றால் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்திலேயே தழைப்பது எனப் பலரும் கருதுவர். இப்பூஞ்சணங்களோ குளிரில், நீர் உறையும் நிலையை ஒட்டிய வெப்பநிலையிலேயே, நஞ்சை மிகுதியாகச் சுரந்தன. பனி உறைவதும் உருகுவதும் மாறி மாறி நிகழ்ந்த காலமே அவற்றிற்கு மிக உவப்பானதாயிற்று. தடித்த பனிப்போர்வை மண்ணை முழுதும் உறைய விடாது காத்த ஆண்டுகளில் நோய் மிகுந்தது. அன்றியும், அந்நஞ்சு அடுப்பின் வெப்பத்துக்கு அழியவில்லை. மாவாக அரைத்தாலும் உரொட்டியாகச் சுட்டாலும் அது தானியத்திலேயே தங்கிற்று.

அந்நஞ்சு யாது என்னும் வினாவுக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் சென்றன. அது கொழுப்பை ஒத்த ஒருவகைச் சேர்வை எனச் சோவியத் இரசாயன அறிஞர்கள் முதலிற் கூறினர். 1968ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பியூசேரியத்தினின்றும் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு நச்சுப் பொருளின் அமைப்பு வெளியிடப்பட்டது. அதற்கு ரி-2 நஞ்சு எனப் பெயரிட்டனர். 1973ஆம் ஆண்டில் மிரோச்சா, பாத்ரே என்னும் இருவர், சோவியத் நாட்டிலிருந்து கிடைத்த பழைய நச்சுப்பொருள் மாதிரியொன்றை ஆராய்ந்து, அதில் ரி-2 நஞ்சு இருப்பதைக் கண்டனர். இந்நஞ்சு உயிர்க்கலங்கள் புரதம் ஆக்குவதைத் தடுக்கிறது. ஆகவே, விரைந்து பெருகும் கலங்களைக் கொண்ட எலும்பு மச்சையையும் குடலின் உட்புறத்தையும் அது முதலில் தாக்குகிறது. ஜொபே பின்னர் இஸ்ரேலுக்குச் சென்று எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஒறென்பேர்க்கின் பூஞ்சணங்கள் ரி-2 நஞ்சைச் சுரப்பதை அங்கே மீண்டும் சோதித்து உறுதி செய்தார். பியூசேரியம் பற்றிய அவரது பெருநூல் 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது.

காரணம் தெரிந்ததனால் உயிர்கள் காக்கப்பட்டன. சுகமுடையவர் போலத் தோன்றியவரின் குருதியைச் சோதித்து, வெண்குழியம் குறைந்திருப்பின் அவ்வுணவை உடனே நிறுத்தியபோது அவர் பிழைத்தார். பனியின் கீழ்க் கிடந்த தானியத்தை உண்ணலாகாது என்ற எச்சரிக்கையும் மக்களுக்கு விடுக்கப்பட்டது. ஆயினும், கையில் வேறு உணவு இல்லாத தாய்க்கு அவ்வெச்சரிக்கை எவ்வளவு பயன்பட்டிருக்கும்? இன்று பசியால் மடிவதா, சில வாரங்களின் பின் நஞ்சால் மடிவதா என்ற நிலையில், நாவுக்கு நல்லதாய்த் தோன்றும் தானியத்தை எறிந்துவிடல் எளிதன்று. யுத்தம் ஓய்ந்து, ஆட்கள் வயலுக்குத் திரும்பி, பனி விழுமுன் அறுவடை முடிந்த பின்னரே இக்கொள்ளைநோய் அடங்கியது.

இன்று பல நாடுகளில் தானியத்தின் பூஞ்சண நஞ்சு அளந்து பார்க்கப்படுகிறது. 2001ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து அமைத்த நிபுணர் குழு ரி-2 நஞ்சின் தீங்கை மதிப்பிட்டு, மனிதர் தாங்கத்தக்க அளவை வரையறுத்தது. அவ்வளவு ஓர் அணுவளவே. அச்சிறிய எண்ணின் பின்னால் பனி உருகிய வயல்களில் கதிர் பொறுக்கிய ஏழை மக்களின் பெருந்துயர் அடங்கியிருக்கிறது. நஞ்சைச் சுரந்தது பூஞ்சணம். அதனை மக்களின் உண்கலத்தில் இட்டது யுத்தமும் பசியுமே. விஞ்ஞானம் முன்னதைக் கண்டறிந்து கூறியது. பின்னதைத் தடுக்கும் கடமை மனித சமுதாயத்தினுடையது.