லஸ் காட்டுக்கோயில்: கல்லின் ஆண்டும் கட்டடத்தின் வயதும்

போர்த்துக்கீசிய மொழியில் 'லூஸ்' என்றால் ஒளி. மயிலாப்பூரின் லஸ் முனையும் லஸ் சர்ச் சாலையும் அந்த ஒரு சொல்லில் பிறந்தவை. ஒளியின் அன்னைக்கு எழுப்பப்பட்ட கோயில் தமிழில் பிரகாச மாதா ஆலயம் ஆயிற்று. அக்கம்பக்கத்து மக்கள் நெடுங்காலமாக அதைக் காட்டுக்கோயில் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். வரலாற்றுக்கு இந்த மூன்றாவது பெயரே அதிகம் உதவுகிறது.

கோயிலின் கல்வெட்டு, பிரான்சிஸ்கன் துறவி பெத்ரு த அதோகியா 1516இல் இதைக் கட்டியதாகக் கூறுகிறது. அந்த ஆண்டை அப்படியே ஏற்றால் சென்னையில் ஐரோப்பியர் எழுப்பிய மிகப் பழைய கட்டடம் இதுவே. ஆனால் ஓர் இடர் இருக்கிறது. மயிலாப்பூரில் புனித தோமையாரின் கல்லறையைத் தேடிப் போர்த்துக்கீசியர் வந்ததாக நாம் அறியும் முதல் பயணம் 1517ஆம் ஆண்டுக்குரியது. மலாக்காவிலிருந்து திரும்பிய டியோகு ஃபெர்னாண்டஸ் குழுவினர் பழவேற்காட்டில் இறங்க, ஓர் ஆர்மீனிய வணிகர் அவர்களை அழைத்து வந்தார். கல்லறைக் கோயிலைச் செப்பனிடும் பணி தொடங்கியது 1520களில்தான். அப்படியிருக்க, கல்லறையை அறிவதற்கு ஓராண்டு முன்பே அதற்கு மேற்கே காட்டுக்குள் கற்கோயில் எழுந்தது என்பது எளிதில் பொருந்தவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவிலோ பிற்பகுதியிலோ இது கட்டப்பட்டிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களின் பக்கமே நான் நிற்கிறேன். அதற்காகக் கல்வெட்டைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. முதலில் ஒரு சிற்றாலயம் இருந்து, அதன் நினைவைப் பின்னால் வந்தவர்கள் கல்லில் பொறித்திருக்கலாம்.

கோயிலின் தோற்றக் கதை கடலில் தொடங்குகிறது. புயலில் திசை தவறிய மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தெரிந்தது. அதைப் பின்பற்றி இறங்கி நடந்தார்கள். ஒளி மறைந்த இடத்தில் கோயில் கட்டினார்கள். இக்கதைக்கு ஒரு மூத்த உறவு உண்டு. லிஸ்பனை அடுத்த கார்னீடு என்னும் ஊரில் 15ஆம் நூற்றாண்டிலேயே ஒளியின் அன்னை வழிபாடு வேரூன்றியிருந்தது. அங்கும் இரவில் தோன்றிய ஒளியே கதையின் கரு. லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் அந்தப் பக்தியைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டு வந்தார்கள் என்று கொள்வது தவறாகாது. கட்டுமரம் ஏறியவர்களுக்கும் கரையில் தெரியும் வெளிச்சத்தின் அருமை தெரியும். வந்த பக்தி இங்கே நிலைத்ததில் வியப்பில்லை.

கட்டடத்தைப் பார்ப்போம். கூர்முனை வளைவுகள் கோதிக் மரபைச் சேர்ந்தவை. அலங்காரமோ பரோக் பாணி. பரோக் ஐரோப்பாவிலேயே 1600ஐ ஒட்டித்தான் உருப்பெற்றது. ஆகவே 1516இல் வாழ்ந்த எந்தத் துறவியும் இந்த அலங்காரத்தைக் கண்டிருக்க முடியாது. பல தலைமுறைகள் திருத்தியும் கூட்டியும் அழகூட்டியும் வந்த கட்டடம் இது. ஓர் ஆண்டைச் சொல்லி அதன் வயதை முடித்துவிடக் கூடாது.

காட்டுக்கோயில் என்ற பெயருக்கு வருகிறேன். போர்த்துக்கீசியரின் சாந்தோம் கடலோரம் மதில் சூழ்ந்த ஊர். லஸ் அதற்கு வெளியே மேற்கில் தனித்துக் கிடந்தது. 1662இல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1674இல் அவர்களும் வெளியேற்றப்பட்டனர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மதில்கள் தரைமட்டமாயின. கல்லறை மீதிருந்த பழைய போர்த்துக்கீசியக் கோயிலும் பின்னாளில் இடிக்கப்பட்டு, இன்றைய நியோகோதிக் பேராலயம் 1896இல் எழுந்தது. ஊருக்குப் புறத்தே இருந்த காட்டுக்கோயிலோ மிஞ்சியது. அந்தத் தனிமையே அதைக் காத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

திருச்சபையின் ஆட்சி எல்லையிலும் ஒரு நீண்ட பிணக்கு இருந்தது. 1606இல் உருவான மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்த்துக்கீசிய அரசரின் ஞானாதிக்க உரிமைக்கு உட்பட்டது. ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையிலோ 1642 முதல் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எப்ரேம் த நெவேர் ரோமையின் நேரடி அனுமதியோடு பணியாற்றினார். 1649இல் அவர் சாந்தோமில் பிடிக்கப்பட்டுக் கோவாவின் விசாரணை மன்றத்துக்கு அனுப்பப்பட்டார். ஒரே மறையைச் சேர்ந்தவர்கள், இடையே சில மைல் தூரம், இத்தனை பகை! 1749இல் சாந்தோம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகும் மயிலாப்பூர்க் கோயில்கள் போர்த்துக்கீசிய ஆயரின் கீழேயே இருந்தன. வடக்கே சென்னைக்கு 1832இல் தனி மறையாட்சி அமைந்தது. 1886இல் அது உயர்மறைமாவட்டமாயிற்று.

மயிலாப்பூர் மறைமாவட்டமும் சென்னை உயர்மறைமாவட்டமும் 1952இல்தான் இணைந்தன. அதற்குப் பின்னான ஆண்டுகளில் சென்னையின் புறநகர்களான பாடியிலும் அம்பத்தூரிலும் ஆலைகள் பெருகின. மண்ணூர்பேட்டை போன்ற ஊர்கள் குடியிருப்புகளாக நிறைந்தன. அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் காட்டுக்கோயிலுக்கும் உயர்மறைமாவட்டம் இன்று ஒன்றுதான். அதன் பெயர் சென்னை-மயிலை. நடுவில் உள்ள சிறு கோட்டுக்கு வலப்புறத்தில் நிற்பது லஸ் கோயில் பிறந்த ஊர்.