கழிவுக்குள் கிடந்த கடன்: தோட்டச் சம்பளக் கணக்கின் கதை

சம்பளச் சிட்டை கைக்கு வந்ததும் நம்மில் பலர் கடைசி வரியிலுள்ள தொகையை மட்டுமே பார்க்கிறோம். இலங்கையின் மலையகத் தொழிலாளரின் வரலாற்றை அறிந்தவர்கள் அதற்கு மேலேயுள்ள கழிவுகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். பல தலைமுறைகளைத் தோட்டங்களோடு கட்டிப்போட்டது அந்தக் கழிவுக் கணக்கே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர்கள் கங்காணிகள். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டன. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, செக்ரோலில் பெயர் பதிவார்கள். முழுநாள் வேலைக்கு ஒரு பேர். வேலை குறைந்தால் அரைப் பேர். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலையும் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது. சம்பளமோ மாதக்கணக்கில் பிந்தியது. மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 1889ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததே அக்காலத்தில் ஒரு முன்னேற்றந்தான்.

வேறு தோட்டத்துக்குப் போக விரும்பியவனுக்குத் துரை கொடுத்த சீட்டின் பெயர் ‘துண்டு’. இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்பதே அதன் பொருள். புதிய தோட்டம் அப்பணத்தைக் கட்டும். கடன் தீராமல் தொழிலாளியோடு அங்கும் போய்ச் சேரும். தன் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தறியாத அவனால் எப்படிச் சரிபார்க்க முடியும்? துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நிர்ணயிக்கப்பட்டது. தோட்டத்தில் ஆண் பெண் கூலி சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே, 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில்வாரியாகக் கூலியை நிர்ணயிக்க வழிசெய்ததுடன், தொழில்தருநர் சம்பளப் பதிவேடு வைத்திருப்பதையும் கட்டாயமாக்கியது.

கழிவின் பொருளே மாறியது 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதியால். இன்று ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படுகிறது. தொழில்தருநர் தம் பங்காக 12 சதவீதம் சேர்த்துச் செலுத்த வேண்டும். 1981இல் செயற்படத் தொடங்கிய ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 சதவீதம். இது முழுவதும் தொழில்தருநரின் பொறுப்பு. தொழிலாளியின் பெயரில் முன்பு கடன் வளர்ந்த அதே ஏட்டில் அவனுடைய சேமிப்பு வளரத் தொடங்கியது.

எனினும், ஊழியரிடம் கழித்த பணத்தை நிதிக்குக் கட்டாமல் விடும் நிறுவனங்கள் இன்றும் உண்டு. ஓய்வுபெறும் நாளில்தான் பலருக்கு அது தெரியவருகிறது. அன்று தொழிலாளிக்குத் தன் கணக்கைப் பார்க்க வழியில்லை. இன்று வழியிருக்கிறது, ஆண்டுதோறும் நிதியின் கணக்குக்கூற்றைக் கேட்டு வாங்கிச் சம்பளச் சிட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒவ்வொருவரும் செய்யவேண்டிய வேலை.