தீயைத் தீயால் தடுத்த மக்கள்

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தீயைத் தீயால் தடுக்கும் கலையை ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கைக்கொண்டிருந்தனர்.

வடக்கே, மழைக்காலம் முடிந்து புல்லில் ஈரம் மிச்சமிருக்கும்போதே அவர்கள் ஆங்காங்கே சிறு தீ மூட்டுவர். அது மெல்ல நகரும். இரவுப் பனியில் அடங்கிவிடும். எரிந்த திட்டும் எரியாத திட்டுமாக நிலம் கிடப்பதால், பின்னர் கடும் வெயிலில் பற்றும் தீ பரவ வழியின்றிப் போகும். எரிந்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லை மேயக் கங்காருகளும் வரும். தொல்லியல் அறிஞர் ரீஸ் ஜோன்ஸ் 1969ஆம் ஆண்டில் இதற்குத் ‘தீக்கோல் வேளாண்மை’ என்று பெயரிட்டார்.

தெற்கே விக்டோரியாவில் 1835ஆம் ஆண்டு மெல்பர்ன் குடியேற்றம் தொடங்கியது. பூர்வகுடியினர் நிலமிழந்தனர், நோயாலும் வன்முறையாலும் மாண்டனர். பதினாறே ஆண்டுகளில், 1851 பிப்ரவரி 6ஆம் நாள், கடும் வறட்சியின் முடிவில் விக்டோரியாவின் கால் பங்கு நிலம் தீக்கிரையானது. வறட்சியும் அனல் காற்றும் மூண்ட காரணங்கள். ஆயினும், பராமரிப்பார் இல்லாத காட்டில் சருகு பெருகியதும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதே மாநிலத்தில் 1939ஆம் ஆண்டுக் காட்டுத்தீ 71 உயிர்களையும், 2009ஆம் ஆண்டுத் தீ 173 உயிர்களையும் பறித்தது.

வடக்கிலும் இந்த இழப்பு நேர்ந்தது. ஆர்னம்லாந்து பீடபூமி மக்கள் கிறித்துவ மிஷன்களுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தபின், வறண்ட பருவத்தின் இறுதியில் அங்குப் பெருந்தீ வழக்கமாயிற்று. ஓவியரும் மூத்தவருமான பர்தாயல் நாஜமெரெக் 2002ஆம் ஆண்டில் குடும்பத்தோடு தாய்நிலம் திரும்பினார். மூத்தோர் அறிவும் அறிவியலாளர் கணக்கும் கைகோத்தன. 2006ஆம் ஆண்டில் டார்வின் எரிவாயு ஆலையுடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 28,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் முன்பருவத் தீமூட்டல் தொடங்கியது. பெருந்தீயும் புகையும் குறைந்தன. பூர்வகுடி இளைஞர்களுக்குச் சொந்த மண்ணிலேயே வேலையும் கிடைத்தது.

2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவெங்கும் 33 பேர் தீயில் உயிரிழந்தனர். அதை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம், நில உரிமையுடைய பூர்வகுடியினரோடு அரசுகள் இணைந்து செயல்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

வறட்சி முற்றியபின் இந்த முறை பயன்படாது. வடக்கின் புல்வெளிப் பருவம் தெற்கின் அடர்காட்டுக்குப் பொருந்தவும் செய்யாது. தீக்குச்சி எல்லாரிடமும் உண்டு. அதை எந்த இடத்தில், எந்த நாளில் உரசுவது என்பதை அந்த மண்ணில் வாழ்ந்து பழகியவரே அறிவர். அவர்களை அகற்றிவிட்டு அந்த அறிவை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.